வாக்ஸின் என்ற சொல்லும் ஒரு போலி சுலோகமும்

2021-ம் வருஷத்தில் நம் எல்லோர் வாயிலும் நாம ஜபம் போலப் புழங்கிய சொல் ஒன்று உண்டென்றால் அது 'வாக்ஸின்'தான். "முதல் டோஸ் ஆயிற்றா? இரண்டாவது எப்போது? கோவிஷீல்டா, கோவாக்ஸினா?" இதுதான் அந்த வருஷத்து க்ஷேம விசாரிப்பு. நான் வசிக்கும் முலுண்டில் மராத்தி அண்டைவீட்டார் அதை 'லஸ்' என்றார்கள். குஜராத்திக்காரர்கள் 'ரஸீ' என்றார்கள். ஹிந்திக்காரர்களுக்கு அது 'டீக்கா'. நமக்குத் 'தடுப்பூசி'. ஆனால் இத்தனை பேருக்கும் பொதுவாக நின்ற சொல் வாக்ஸின்.

இந்தச் சொல்லுக்குள்ளே ஒரு பசு நிற்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அந்த லத்தீன் பசுவுக்கு வேதத்தில் ஒரு சகோதரி இருக்கிறாள் என்பது அவ்வளவாகத் தெரியாது. இதே பசுவை வைத்து நம் மதராஸில் ஒரு போலி சுலோகம் தயாராயிற்று என்பதும், அது இன்றைக்கும் நம் கைபேசிகளில் உலா வருகிறது என்பதும் இன்னும் குறைவானவர்களுக்கே தெரியும். மெய்யான உறவு எது, பொய்யான உரிமை எது என்று பிரித்துப் பார்க்க இந்த ஒரு சொல்லே நல்ல பாடம் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

பசுவின் பெயர் ஊசிக்கு வந்த கதை

இங்கிலாந்தில் க்ளாஸ்டர்ஷயர் பக்கத்தில் எட்வர்ட் ஜென்னர் என்ற கிராமத்து வைத்தியர் இருந்தார். பால் கறக்கும் பெண்களுக்குப் பசுவின் மடியிலிருந்து ஒருவகைக் கொப்புளம் கையில் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒருமுறை வந்துவிட்டால் பிறகு பெரியம்மை வராது என்று அந்த ஊர் ஜனங்கள் சொல்லிவந்தார்கள். ஜென்னர் அதைச் சோதித்துப் பார்த்தார். 1796 மே 14 அன்று ஸாரா நெல்ம்ஸ் என்ற பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையனின் கையில் கீறி ஏற்றினார். ஜூலையில் அவனுக்கே பெரியம்மைச் சீழை ஏற்றிப் பார்த்தார். நோய் வரவில்லை.

1798-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டபோது, பசு அம்மைக்கு அவர் லத்தீனில் 'வேரியோலே வாக்ஸினே' என்று பெயரிட்டார். 'வக்கா' என்றால் லத்தீனில் பசு. 'வாக்ஸினே' என்றால் பசுவைச் சேர்ந்தது. மொத்தத்தில் 'பசுவின் பெரியம்மை' என்று பொருள். 1800-ல் ரிச்சர்ட் டன்னிங் என்ற வைத்தியர் இதிலிருந்து 'வாக்ஸினேஷன்' என்ற சொல்லை உண்டாக்கினார்.

அதுவரை இது பசு சம்பந்தப்பட்ட ஒரே ஒரு சிகிச்சையின் பெயர்தான். 1881-ல் லண்டனில் கூடிய ஸர்வதேச வைத்திய மகாநாட்டில் லூயி பாஸ்டர், ஜென்னருக்கு மரியாதை செய்யும் விதமாக, இனி எந்த நோய்க்கான தடுப்பு மருந்தையும் வாக்ஸின் என்றே சொல்லலாம் என்றார். கோழிக் காலராவுக்கும் ஆட்டு ஆந்த்ராக்ஸுக்கும் அவர் செய்த மருந்துகளில் பசு எங்கும் இல்லை. ஆனாலும் பசுவின் பெயர் நிலைத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1902-ல் அமெரிக்காவில் தயாரான அம்மைப்பால் ஒன்றைப் பரிசோதித்து 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதிலிருந்த கிருமி, பசு அம்மையைவிடக் குதிரை அம்மைக்கே மிக நெருக்கமாக இருந்தது! ஜென்னரும் இந்நோய் குதிரையிடமிருந்துதான் பசுவுக்கு வந்திருக்கும் என்று ஊகித்தவர்தான். குதிரையின் பெயர் வந்திருக்க வேண்டிய இடத்தில் பசுவின் பெயர் வந்திருக்கிறதோ என்னவோ!

வேதத்தில் ஒரு சகோதரி

இப்போது சொல்லின் வேருக்கு வருவோம். 'வக்கா' என்றதும் நம்மில் ஸம்ஸ்கிருதம் படித்தவர்களுக்கு உடனே எது ஞாபகம் வரும்? 'வத்ஸ'. கன்று. ஸ்ரீவத்ஸ கோத்திரக்காரர்கள் "அடடே, நம்ம பெயர்!" என்பார்கள். சப்தம் ஒத்துப்போகிறது, அர்த்தமும் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் உறவு இல்லை.

'வத்ஸ' வேறு குடும்பம். வருஷம் என்ற பொருள் கொண்ட ஒரு பழைய வேரிலிருந்து வந்தது அது. ஒரு வயதான கன்று வத்ஸம். ஸங்கல்பத்தில் நாம் சொல்லும் ஸம்வத்ஸரத்தில் இருப்பதும் அதே வேர். லத்தீனில் அதன் உறவினர் 'வெதுஸ்', அதாவது வயதானது. அதன் வழியாகத்தான் ஆங்கிலத்தில் 'வெட்டரன்' வந்தது.

அப்படியானால் 'வக்கா'வின் நிஜமான உறவு யார்? வேதத்தில் 'வசா' என்றொரு சொல் இருக்கிறது. இதில் 'ச'வை 'சிவ' என்பதில் உச்சரிப்பதுபோல் உச்சரிக்க வேண்டும். பசு என்று பொருள், குறிப்பாக ஈனாத பசு. அதர்வ வேதத்தின் பத்தாம் காண்டத்தில் வசாவைப் போற்றும் ஸூக்தமே உண்டு. மொழி ஆராய்ச்சியாளர்கள் 'வக்கா'வுக்கு இணையாகக் காட்டுவது இந்த வசாவைத்தான். லத்தீனில் 'க்' இரட்டிப்பானது ஏன் என்பதில் மட்டும் விவாதம் இருக்கிறது.

காதுக்கு வத்ஸ அல்லவா கிட்டத்தில் இருக்கிறது? வசா எப்படி வக்கா ஆகும்? இங்கேதான் அந்த சாஸ்திரத்தின் அழகு. ஒரே ஒரு ஜோடியை வைத்து அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. வரிசையாகப் பார்க்கிறார்கள். பழைய லத்தீனில் ஸீஸர் என்ற பெயரைக்கூட 'கைஸர்' என்றுதான் உச்சரித்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்:

தச (பத்து) – தெகெம்
சத (நூறு) – கெந்தும்
ச்வா (நாய்) – கனிஸ்
பசு – பெகு
அச்வ (குதிரை) – எக்வுஸ்
வசா – வக்கா

ஸம்ஸ்கிருதத்தில் இந்த 'ச' வரும் இடத்திலெல்லாம் லத்தீனில் 'க' வருகிறது. இது தற்செயலாக இருக்க முடியாது. கெந்தும்தான் நம் ஸெஞ்சுரி, தெகெம்தான் நம் டெஸிமல். 'பெகு'வுக்கு ஆடுமாடு என்று பொருள். மாடே செல்வமாக இருந்த காலத்தில் அதிலிருந்து பணத்துக்கு 'பெகூனியா' என்று பெயர் வந்தது. தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்கும் செல்வம் என்று ஓர் அர்த்தம் உண்டல்லவா, அதேபோல.

வாக்ஸினுக்கு எதிராளியான வைரஸுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. லத்தீனில் 'வீருஸ்' என்றால் விஷம். நம் 'விஷ'மேதான் அது. இரண்டு உயிரெழுத்துக்களுக்கு நடுவே வரும் 'ஸ்' லத்தீனில் 'ர்' ஆகிவிடும். இதற்கும் தனி சாட்சி உண்டு. மருமகளுக்கு ஸம்ஸ்கிருதத்தில் 'ஸ்நுஷா', லத்தீனில் 'நுருஸ்'.

மருமகள் என்றதும் நம் வீட்டுப் பேச்சு ஞாபகம் வருகிறது. நாம் 'மாட்டுப்பெண்' என்கிறோம். அதைக் கேட்டு வேற்று ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, 'மாற்றுப்பெண்' என்பதே அப்படி மருவியது என்று நாம் விளக்கம் சொல்வோம். காதுக்கு ஒத்திருப்பதெல்லாம் உறவாகாது என்பதற்கு நம் வீட்டுக் கூடத்திலேயே உதாரணம் இருக்கிறது!

தாயா, சகோதரியா?

இந்த உறவை முதலில் உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த ஸர் வில்லியம் ஜோன்ஸ். 1786 பிப்ரவரி 2 அன்று ஏஷியாடிக் ஸொஸைட்டியில் பேசியபோது, ஸம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் இடையிலான ஒற்றுமை தற்செயலாக வந்திருக்க முடியாது, இவை ஒரு பொது மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும், அந்த மூலம் இப்போது இல்லாமலும் போயிருக்கலாம் என்றார். அந்த மறைந்த மூலத்தைத்தான் இன்று ஆதி இந்தோ-ஐரோப்பிய மொழி என்கிறார்கள். அதற்கு ஏடும் இல்லை, கல்வெட்டும் இல்லை. பெண்களின் முகஜாடையை வைத்துத் தாயின் முகத்தை ஊகிப்பதுபோல ஊகித்ததுதான்.

நம்மவர்களில் பலர் "ஸம்ஸ்கிருதமே எல்லா மொழிக்கும் தாய்" என்று சொல்லக் கேட்கிறோம். மேலே கொடுத்த வரிசை அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆதி மொழியில் இருந்த ஒருவகைக் 'க்' ஒலி ஸம்ஸ்கிருதத்தில் 'ச' என்று மாறிவிட்டது. லத்தீனில் 'க' ஆகவே நின்றது. அந்த ஓர் அம்சத்தில் லத்தீன்தான் பழமையைக் காப்பாற்றியிருக்கிறது. வேறு பல அம்சங்களில் ஸம்ஸ்கிருதம் காப்பாற்றியிருக்கிறது. ஆக, இருவரும் சகோதரிகள். இதனால் வேத பாஷையின் பெருமை ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. பழைய பாடத்தை ஸ்வரம் தவறாமல் வாய்வழியாகவே காத்துக்கொடுத்த பரம்பரை இல்லையென்றால், இந்த சாஸ்திரம் இவ்வளவு தூரம் வளர்ந்திருக்காது.

பம்பாய்க்கு வந்த அம்மைப்பால்

சொல் ஒருபுறம் இருக்க, மருந்து நம் தேசத்துக்கு வந்தது பம்பாய் வழியாகத்தான் என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் பெருமை. குளிர்பதனம் இல்லாத காலம் அது. வியன்னாவிலிருந்த ழான் டி காரோ என்ற வைத்தியரின் முயற்சியால் அம்மைப்பால் பாக்தாத் வந்து, அங்கிருந்து பஸ்ரா வந்து, பஸ்ராவிலிருந்து கப்பலேறியது. வழியில் மருந்து கெட்டுவிடாமல் இருக்க ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிக்கொண்டே வந்தார்கள். மனிதர்களே மருந்துப் பாத்திரம்!

1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஆனா டஸ்தால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஏற்றப்பட்டது. பாரத தேசத்தில் பெரியம்மைத் தடுப்பூசி பெற்ற முதல் நபர் அந்தக் குழந்தைதான். அவள் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து மேலும் ஐந்து குழந்தைகளுக்கு ஏற்றினார்கள். பிறகு புனே, ஸூரத், ஹைதராபாத், மதராஸ், இலங்கை என்று அது பரவியது.

அதற்கு முன் நம் தேசத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், இருந்தது. வங்காளத்திலும் வடக்கிலும் 'டீக்காதார்' என்ற குத்துவைத்தியர்கள் இருந்தார்கள். மனிதப் பெரியம்மையின் சீழையே மிகக் கொஞ்சமாக எடுத்துக் கையில் கீறி ஏற்றுவார்கள். பத்தியமும் பூஜையும் உண்டு. வருஷந்தோறும் பிராமண வைத்தியர்கள் ஊர் ஊராகப் போய் இதைச் செய்துவந்ததை ஹோல்வெல் என்ற ஆங்கிலேயர் 1767-ல் லண்டனில் வெளியிட்ட நூலில் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். இது மெய்யான சரித்திரம், சாட்சியுள்ள பெருமை. ஆனால் இது வாக்ஸின் அல்ல. ஏற்றுவது நிஜப் பெரியம்மை ஆதலால் சிலர் இறந்ததும் உண்டு, பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டியதும் உண்டு.

சுலோகம் செய்த கலெக்டர்

மதராஸில் பிரான்ஸிஸ் ஒயிட் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி இருந்தார். 1810-ல் மதராஸ் கலெக்டர் ஆனவர். தமிழிலும் ஸம்ஸ்கிருதத்திலும் தேர்ந்தவர். திருக்குறளில் ஊறித் தம்மை 'எல்லீசன்' என்று எழுதிக்கொண்டவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை ஸம்ஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816-லேயே, கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்பே, ஆதாரத்தோடு நிறுவியவர் அவர்தான்.

அப்போது ஜனங்கள் தடுப்பூசிக்குத் தயங்கினார்கள். பெரியம்மை அம்மனின் வரவு என்ற பயபக்தி ஒரு காரணம். வேறு ஜாதிக் குழந்தையின் கையிலிருந்து எடுத்ததை ஏற்றிக்கொள்வதா என்ற கூச்சம் இன்னொன்று. பிராமணர்கள் முன்வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். எல்லிஸ், தடுப்பூசியைப் பற்றி ஸம்ஸ்கிருதத்தில் சுலோகம் இயற்றினார். பழைய காகிதத்தில் எழுதி, எங்கோ கிடைத்த புராதன ஏடு போலக் காட்டப்பட்டது. கோமாதாவே தந்த மருந்து என்று தெரிந்தால் மறுக்கமாட்டார்கள் அல்லவா?

1819-ல் 'மதராஸ் கூரியர்' பத்திரிகையில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வந்தது. தன்வந்தரி இயற்றிய பழைய கிரந்தம் ஒன்றில், பசுவின் மடிக் கொப்புளத்து நீரைக் கத்தி நுனியில் எடுத்துத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கீறி ஏற்றும்படி சொல்லியிருக்கிறது என்பது அதன் ஸாரம். அந்தக் கிரந்தம் இன்றுவரை கண்ணில் படவில்லை. சரகத்திலும் ஸுச்ருதத்திலும் இது இல்லை. பெரியம்மைக்கென்று, அதாவது மஸூரிகைக்கென்று, தனி அத்தியாயமே எழுதிய மாதவரின் நிதானத்திலும் இல்லை. செய்முறையோ அச்சாக ஜென்னர் காலத்து முறை. டாமினிக் வூஜாஸ்டிக் என்ற ஆயுர்வேத சரித்திர ஆராய்ச்சியாளர் 1987-ல் இதையெல்லாம் நூல் பிடித்துப் பார்த்து, எல்லிஸ் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினார்.

இதைவிட விசித்திரம் ஒன்று. 'எஜுர் வேதம்' என்ற பெயரில் ஒரு பிரெஞ்சு நூல் 1760-ல் வால்டேர் கைக்குக் கிடைத்து, அவரும் அதை நிஜமான பழம் நூல் என்று நம்பினார். அது கிறிஸ்தவப் பாதிரிமார்களின் கைவேலை என்பதைப் புதுச்சேரியில் இருந்த கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து அம்பலப்படுத்திய கட்டுரை, 1822-ல் கல்கத்தாவில் அச்சாயிற்று. எழுதியவர் யார் தெரியுமா? அதே எல்லிஸ்! அவர் 1819-லேயே ராமநாதபுரத்தில் காலமாகிவிட்டார். போலி வேதத்தைக் கண்டுபிடித்தவரே போலி சுலோகமும் செய்தார். நோக்கம் குழந்தைகள் பிழைக்க வேண்டும் என்பதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பொய்க்கு ஒரு குணம் உண்டு. சொன்னவர் போன பிறகும் அது நடமாடும்.

நடமாடியது. ஐரோப்பியப் புத்தகங்களில் ஏறியது. 1905-ல் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் திறப்பு விழாவில் மதராஸ் கவர்னர் ஆம்ப்தில் பிரபு, தன்வந்தரியே தடுப்பூசியைச் சொல்லியிருக்கிறார் என்று இதையே எடுத்துப் பேசினார். கவர்னரே சொன்ன பிறகு நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? புத்தகங்களில் மேற்கோள் காட்டினார்கள். அங்கிருந்து இன்று வாட்ஸப்பில் "பார்வர்ட் செய்யுங்கள்" என்று வந்துகொண்டிருக்கிறது. பிராமணர்களை நம்பவைக்கத் தயாரித்த சுலோகத்தை, இருநூறு வருஷம் கழித்து நாமே நம் பெருமையாக அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

நமக்கு என்ன நஷ்டம்?

"போகட்டுமே, நல்ல விஷயம்தானே" என்று சிலர் கேட்கக்கூடும். நஷ்டம் இருக்கிறது. நம் பேரக்குழந்தைகள் பெங்களூரிலும் துபாயிலும் நியூ ஜெர்ஸியிலும் படிக்கிறார்கள். தாத்தா அனுப்பிய செய்தியை ஐந்து நிமிஷத்தில் சரிபார்த்துவிடுகிறார்கள். இது பொய் என்று தெரிந்தால், அடுத்து நாம் சொல்லும் மெய்யையும் நம்பமாட்டார்கள். ஆர்யபடரின் 'ஜ்யா'தான் அரபு நாட்டுக்குப் போய், அங்கிருந்து லத்தீனில் மொழிபெயர்க்கும்போது அர்த்தம் மாறி 'ஸினுஸ்' ஆகி, இன்று பள்ளிக்கூடத்தில் படிக்கும் 'ஸைன்' ஆயிற்று என்று சொல்வோம். அது முழுக்க முழுக்க உண்மை. ஆனால் "இதுவும் தாத்தாவின் பார்வர்டுதான்" என்று தள்ளிவிடுவார்கள். கள்ள நாணயம் புழங்கும் சந்தையில் நல்ல நாணயத்தையும் தட்டித்தான் பார்ப்பார்கள்.

வசாவும் வக்காவும் சகோதரிகள் என்று நமக்கு எப்படித் தெரிந்தது? காதுக்கு இனிமையாக இருந்தது என்பதால் அல்ல. தச, சத, பசு, அச்வ என்று சாட்சிகள் வரிசையாக நின்றார்கள். வத்ஸ அழகாக ஒலித்தும் விலக்கப்பட்டது. போலி சுலோகமும் அதே பரீட்சையில்தான் தோற்றது. மூல ஏடு இல்லை, உரையாசிரியர் இல்லை, சாட்சி இல்லை. உறவை நிரூபித்த அதே முறைதான் பொய்யையும் காட்டிக்கொடுத்தது. முதலாவதை ஏற்றுக்கொண்டு இரண்டாவதை மறுக்க நமக்கு நியாயம் கிடையாது. பிரமாணம் இல்லாமல் எதையும் ஏற்காதே என்பது நம் தர்க்க சாஸ்திரத்தின் முதல் பாடமும்கூட.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி அந்தச் சுலோகம் உங்கள் கைபேசிக்கு வந்தால் மேலே அனுப்ப வேண்டாம். அனுப்பியவரையும் கோபிக்க வேண்டாம். பதிலாக அதர்வ வேதத்து வசாவைப் பற்றிச் சொல்லுங்கள். ஊர் ஊராக நடந்த டீக்காதார்களைப் பற்றிச் சொல்லுங்கள். மழைக்கால பம்பாயில் கை நீட்டிய அந்த மூன்று வயதுக் குழந்தையைப் பற்றிச் சொல்லுங்கள். 1975-க்குப் பின் நம் தேசத்தில் ஒருவருக்கும் பெரியம்மை வரவில்லை. 1980 மே 8 அன்று அது பூமியிலேயே இல்லை என்று உலக சுகாதார ஸபை அறிவித்தது. அந்த வெற்றியில் பெயர் தெரியாத எத்தனையோ இந்தியக் கைகளுக்குப் பங்கு உண்டு. அதற்குச் சுலோகம் எதுவும் தேவையில்லை.